குணமாகாத நோயில் விசுவாசத்தையும் தாழ்மையையும் காத்துக்கொள்ளுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

"இனிக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம்" என்று மருத்துவர் சொல்லும் நாளில், ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் இரண்டு கேள்விகள் நுழைகின்றன. இத்தனை நாள் ஜெபித்தும் ஆண்டவர் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. மற்றது சில வாரங்கள் கழித்து வருகிறது. எல்லாருக்கும் செய்துகொண்டிருந்த நான், இன்னொருவர் துடைத்துவிடப் படுத்துக்கிடப்பதா என்பதே அது. முன்னது விசுவாசத்தைச் சோதிக்கிறது, பின்னது தாழ்மையைச் சோதிக்கிறது. என் தகப்பனாரைக் கணையப் புற்றுநோயில் ஏழு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதிலும், அதன்பின் எங்கள் திருச்சபைச் சேகரத்தில் போதகரான ஐயரோடு நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வந்ததிலும், இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடைதான் என்று கற்றுக்கொண்டேன். கைநீட்டிப் பெற்றுக்கொள்ளத் தெரிந்தவருக்கு விசுவாசமும் தாழ்மையும் சேர்ந்தே நிலைக்கின்றன. பெற்றுக்கொள்ளக் கூசுகிறவருக்கு இரண்டும் சேர்ந்தே தளர்கின்றன.

கீழே உள்ள படிகளை நோயாளியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், உடனிருப்பவர்களும் வாசிக்கலாம். முதல் இரண்டு படிகளை மட்டும் தள்ளிப்போடாமல் முதலில் செய்துவிடுங்கள். மற்றவற்றை உடலின் நிலைக்கும் வீட்டின் நிலைக்கும் ஏற்ப முன்பின்னாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: உண்மையைக் கேட்டறிதல்

நம் வீடுகளில் மருத்துவர் நோயாளியிடம் பேசுவதற்கு முன்பே மகனோ மருமகனோ அவரைத் தனியே அழைத்து, "அவங்களுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது அன்பினால் செய்யப்படுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் விளைவாக, தன் மரணத்தைப் பற்றி வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்க, சாகப்போகிறவர் மட்டும் அறியாதவராக, அல்லது அறிந்தும் அறியாதவர்போல் நடிக்க வேண்டியவராக ஆகிவிடுகிறார். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு மரணத்துக்கு ஏதுவாயிருந்தபோது, ஏசாயா தீர்க்கதரிசி அரண்மனைக்காரரிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ராஜாவின் முகத்துக்கு நேரே, வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்படி சொன்னார். அதைக் கேட்டதனால்தான் எசேக்கியாவால் சுவர்ப்புறமாகத் திரும்பி அழவும் ஜெபிக்கவும் முடிந்தது.

ஆகவே, நீங்கள் நோயாளியானால், மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்: இந்தச் சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதற்கா, சற்றுத் தள்ளிப்போடுவதற்கா, வேதனையைக் குறைப்பதற்கா? அடுத்த கீமோவினால் எனக்குக் கிடைக்கக்கூடிய நன்மை எவ்வளவு, அதற்காக நான் படவேண்டிய அவஸ்தை எவ்வளவு? இனி என்னென்ன தொல்லைகள் வரக்கூடும், அப்போது யாரை அழைப்பது? எத்தனை நாள் என்று தேதி கேட்பதில் பயன் குறைவு, "மாதங்களா, வாரங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில் கிடைக்கும். முழு உண்மையையும் ஒரே நாளில் கேட்க மனம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடலாம். அறிந்துகொள்ளும் உரிமையைப் போலவே, எவ்வளவு அறிந்துகொள்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையது.

இரண்டாம் படி: எதற்காக ஜெபிக்கிறோம் என்பதைச் சரிசெய்துகொள்ளுதல்

செய்தி பரவிய ஒரு வாரத்துக்குள் வீட்டுச் சுவர்களில் வசன அட்டைகள் ஒட்டப்படும். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்பதும், "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்பதும் எங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு எதிரே இருந்தன. அவை வேதத்தின் வசனங்கள், அவற்றைப் பற்றிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அவற்றை ஆண்டவரோடு போட்ட ஒப்பந்தப் பத்திரம்போல் பிடித்துக்கொள்ளும்போது, ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையும் விசுவாசத்துக்கு வைக்கப்பட்ட பரீட்சையாகிவிடுகிறது. கட்டி வளர்ந்திருக்கிறது என்று தெரிந்த நாளில் நோயாளி உடலாலும் தோற்று, ஆத்துமாவாலும் தோற்றவராக உணர்கிறார்.

குணமாகாமற்போவது விசுவாசக் குறைவின் அடையாளம் என்று சொல்பவர்களுக்கு வேதத்திலேயே மறுப்பு இருக்கிறது. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதிலே வந்தது. இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் கடைசியில், யாரும் பிரசங்கம் பண்ணாத ஒரு வரி இருக்கிறது: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." எத்தனையோ பேரைச் சுகப்படுத்திய அப்போஸ்தலன், தன் உடன் ஊழியனை நோயோடு விட்டுவர வேண்டியிருந்தது. அதற்காகத் துரோப்பீமுவின் விசுவாசத்தை அவர் குறைகூறவில்லை, தன்னுடையதையும் குறைகூறிக்கொள்ளவில்லை.

அப்படியானால் சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்திவிடுவதா? வேண்டாம். கெத்செமனேயில் ஆண்டவர் ஜெபித்த வரிசையில் ஜெபியுங்கள். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று அவர் முதலில் தம் விருப்பத்தை மறைக்காமல் சொன்னார். அதன் பிறகே "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்றார். முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்வது பக்திபோலத் தோன்றும், ஆனால் அதில் உண்மை குறைவு. முதல் பாதியோடு நின்றுவிடுவது கட்டளையாக மாறிவிடும். அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபரும், தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்று சொன்ன அதே வாயால் "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை உங்கள் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதை அப்பாவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்த இரண்டு வசன அட்டைகளுக்கும் கீழே ஒட்டச் சொன்னார்.

ஜெபிக்க வருகிறவர்களுக்கும் ஓர் எல்லை வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழுநாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகே துன்பம் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சத்தமாக வேண்டாம், ஏன் வந்தது என்ற ஆராய்ச்சி வேண்டாம் என்று வாசலிலேயே பணிவாகச் சொல்லிவிடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: தண்டனைக் கணக்கை மூடிவைத்தல்

இது எந்தப் பாவத்துக்கு வந்த தண்டனை என்று இரவில் தனக்குள் கணக்குப் பார்க்காத நோயாளியை நான் இதுவரை கண்டதில்லை. பழைய பொருத்தனை ஒன்றை நிறைவேற்றாதது, தாயாரைக் கடைசிக் காலத்தில் பார்க்காமல் விட்டது என்று நினைவுகள் வரிசையாக வந்து நிற்கும். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட அதே கேள்விதான் இது. இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று ஆண்டவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார். மனதை உறுத்தும் பாவம் இருந்தால் அதை அறிக்கையிட்டு மன்னிப்பைப் பெற்றுக்கொள்ளுங்கள். போதகரிடமோ, கத்தோலிக்கரானால் குருவானவரிடம் ஒப்புரவு அருட்சாதனத்திலோ அதைச் செய்யலாம். ஆனால் பாவமன்னிப்பையும் புற்றுநோயையும் ஒரே பேரேட்டில் எழுதாதீர்கள். தன்னைத் தானே ஓயாமல் குற்றப்படுத்திக்கொள்வது தாழ்மை என்று பலர் எண்ணுகிறார்கள். மன்னித்துவிட்டேன் என்று தேவன் சொன்ன பிறகும் அதை ஏற்க மறுக்கிற அந்த மனம், உண்மையில் அவருடைய தீர்ப்பைவிடத் தன் தீர்ப்பைப் பெரிதாக எண்ணுகிறது.

நான்காம் படி: வலியைத் தணித்துக்கொள்ளுதல்

இந்தப் படியில் நாங்கள் தவறு செய்தோம். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்கு அப்பாவை அழைத்துச்சென்றபோது, மாத்திரையை நம்புகிறவன் ஆண்டவரை எப்படி நம்புவான் என்று ஒருவர் மேடையிலிருந்து கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து மூன்று நாள் வலி மாத்திரையைத் தொடவில்லை. அந்த மூன்று நாளில் அவரால் ஒரு சங்கீதத்தைக்கூட முழுதாகக் கேட்க முடியவில்லை. கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, தலையணை உறையைப் பல்லால் கடித்தபடி கிடந்தார். வலி விசுவாசத்தைப் பெருக்கும் என்று நினைத்தோம். அது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன்னை மட்டுமே மிச்சம் வைத்தது.

எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுக்கப்பட்ட அந்த அற்புதத்தில்கூட, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடும்படி ஏசாயா சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் ஒன்றாக நிற்கின்றன. நோயாளிகளின் வலியைத் தணிப்பதையே ஒரு தனி மருத்துவத்துறையாக வளர்த்தவர்களில் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பின்னர் மருத்துவம் படித்து, 1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். உடல்வலி, மனவலி, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, ஆத்தும வேதனை ஆகிய நான்கையும் சேர்த்து "முழு வலி" என்று அவர் பார்த்தார். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தணிக்க முடியாது என்பதே அவருடைய அனுபவம்.

கடுமையான புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை இன்றும் முதன்மையான மருந்து. அதைப் பற்றிய அச்சங்கள் நம் ஊரில் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காக எடுத்துக்கொள்ளும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. நோயாளி போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயமும் இந்த நிலையில் பொருந்தாது. சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே கொடுக்கச் சொல்வார்கள். வலி வந்த பிறகு கொடுத்தால் அது பிடிபட நேரமாகும். தொடக்கச் சில நாட்களில் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது; ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியையும் சேர்த்து எழுதித்தரும்படி கேளுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை, வீட்டார் தாமாகச் செய்யக் கூடாது.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்பினைப் பெறுவதை மிகவும் கடினமாக்கியிருந்தது. 2014-இல் வந்த திருத்தம் அதை ஓரளவு எளிதாக்கியது. ஆயினும் எல்லா மருந்துக்கடைகளிலும் அது கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளின் வலி நிவாரணப் பிரிவிலேயே பெறவேண்டும். வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் பேலியேட்டிவ் கேர் என்னும் பிரிவு தனியாகவே இயங்குகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே செவிலியர் வந்து பார்க்கும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள்.

சிலுவையில் அறையப்படுமுன் கொடுத்த கசப்புக் கலந்த காடியை ஆண்டவர் குடிக்க மறுத்தாரே என்று கேட்பவர்கள் உண்டு. அவர் உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அந்த வேலை முடிந்தாயிற்று, அதை இரண்டாந்தரம் செய்யும்படி நம்மில் யாரும் அழைக்கப்படவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும், ஆயுள் சற்றுக் குறையக்கூடிய நிலையிலும்கூட வலியைத் தணிப்பதே நோக்கமானால் மருந்து எடுப்பது தகும் என்றும், சுமையாகிப்போன, பயனற்ற சிகிச்சையை நிறுத்துவது தற்கொலையாகாது என்றும் தெளிவாகவே போதிக்கிறது.

ஐந்தாம் படி: கைநீட்டப் பழகுதல்

இதுவே மிகக் கடினமான படி. என் தகப்பனார் முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேலைபார்த்துத் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர். கிறிஸ்துமஸ் தோறும் ஊரில் பத்து விதவைகளுக்குச் சேலை எடுத்துக்கொடுப்பார். ஆனால் ஒருவர் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தால், மறுவாரம் அந்த வீட்டுக்கு ஒரு சீப்புப் பழமாவது கொடுத்தனுப்பாமல் இருக்கமாட்டார். கொடுப்பதில் அவருக்கு இருந்த பழக்கம் வாங்குவதில் இல்லை. படுக்கையோடு படுக்கையான பின், நான் வேட்டியை மாற்றப் போனபோதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ போ, நான் பார்த்துக்கிடுதேன்" என்பார். பார்த்துக்கொள்ள முடியாது என்பது இருவருக்கும் தெரியும். இரண்டு மணி நேரம் அப்படியே ஈரத்தில் கிடப்பார். முதுகில் புண் தொடங்கிவிட்டது.

ஒரு மாலை எங்கள் ஐயர் வந்து, யோவான் சுவிசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொல்ல, "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று ஆண்டவர் பதில் சொல்கிற இடத்தில் நிறுத்தி, வேதத்தை மூடிவிட்டு, ஜெபித்துப் போய்விட்டார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் வெந்நீர்ச் சருவத்தோடு போய் நின்றேன். அப்பா சற்று நேரம் விட்டத்தையே பார்த்திருந்துவிட்டு, போர்வைக்குள்ளிருந்து வலது காலை மட்டும் மெல்ல வெளியே நீட்டினார். குதிகாலில் தோல் வெடித்து, கணுக்கால் வீங்கியிருந்தது. "சூடு கொஞ்சம் கம்மியா இருக்கட்டும் தம்பி" என்றார். பெரிய ஜெபங்கள் பலவற்றை அவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். அந்த ஐந்து சொற்களை அவற்றோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

பேதுருவின் மறுப்பு தாழ்மைபோலவே ஒலிக்கிறது என்பதைக் கவனியுங்கள். "மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை" என்று நாம் சொல்வதும் அப்படித்தான். அதற்குள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது, யாருக்கும் கடன்படாதவனாக வாழ்ந்தேன், அப்படியே சாவேன் என்ற பெருமிதம். கிருபை என்பது சம்பாதிக்காமல் பெற்றுக்கொள்வது என்று ஆயுள் முழுவதும் பாடிவிட்டு, பிள்ளையின் கையிலிருந்து ஒரு குவளை நீரை வாங்கக் கூசினால், நாம் பாடியது இன்னும் உடலுக்குள் இறங்கவில்லை என்று பொருள்.

பழகும் வழி மிகச் சிறியதிலிருந்து தொடங்குகிறது. தேவையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பவுல் தன் தேகத்தைவிட்டுப் பிரியும் காலம் வந்தது என்று எழுதிய அதே அதிகாரத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியும், மாரிகாலத்துக்குமுன் வந்துசேரும்படியும் தீமோத்தேயுவைக் கேட்கிறார். குளிரும் என்று சொல்ல அப்போஸ்தலனுக்கு வெட்கமில்லை. சிலுவையில் நம் ஆண்டவரே "தாகமாயிருக்கிறேன்" என்று கேட்டார். தண்ணீர் வேண்டும், சாய்ந்துகொள்ள வேண்டும், இன்றைக்கு யாரும் வரவேண்டாம், பயமாக இருக்கிறது, கொஞ்சம் கையைப் பிடித்துக்கொள் என்று சொல்லுங்கள். "மன்னிச்சுக்கோ, உனக்கு எவ்வளவு கஷ்டம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வதைவிட "நன்றி" என்று சொல்லப் பழகுங்கள். மன்னிப்புக் கேட்பது செய்கிறவரைச் சங்கடப்படுத்தும், நன்றி அவரை உங்களோடு சேர்த்துக்கொள்ளும்.

உடனிருப்பவர்களுக்கு: கதவைச் சாத்துங்கள், துடைக்கும் பாகத்தை மட்டும் திறந்து மற்றதைத் துணியால் மூடுங்கள், செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள், குழந்தையிடம் பேசும் தொனியில் பேசாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். பெரியவருக்கு இருந்த மரியாதைச் சொல் ஒன்றுகூடக் குறையக் கூடாது. அவர் தாழ்மையைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதற்காக அவரைத் தாழ்த்துவதற்கு நமக்கு உரிமை வந்துவிடாது.

ஆறாம் படி: ஜெபம் வராத நாட்களுக்கு ஆயத்தப்படுதல்

ஒருநாள் ஜெபம் வராது. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் எழுத்துகளாகவே நிற்கும்; ஆண்டவர் என்று ஒருவர் இருக்கிறாரா என்ற நினைவுகூட வரும். சபையில் நல்ல சாட்சியுள்ளவர்களுக்கு இது இன்னும் பெரிய துன்பம், ஏனென்றால் "எவ்வளவு சமாதானமா இருக்காங்க" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர்களால் இதை யாரிடமும் சொல்ல முடியாது. சிறுமலர் என்று நம் ஊர்க் கத்தோலிக்கர் அன்போடு அழைக்கும் லிசியூ நகரத்துத் தெரேசா, காசநோயால் 1897 செப்டம்பர் 30-ஆம் தேதி இருபத்துநான்கு வயதில் மரித்தார். அதற்கு முந்தைய சுமார் பதினெட்டு மாதங்கள் பரலோகத்தைப் பற்றிய நம்பிக்கையே இருட்டிப்போன சோதனையில் அவர் இருந்தார். அவரைத் திருச்சபை புனிதராக ஏற்றுக்கொண்டபோது அந்த இருளை மறைத்துவிடவில்லை.

சிகாகோவின் பேராயராயிருந்த கர்தினால் ஜோசப் பெர்னார்டினுக்கு 1995 ஜூன் மாதம் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஆயுள் முழுவதும் ஜெபித்துப் பழகிய அவரே, வலியிலும் களைப்பிலும் தம்மால் ஜெபிக்க முடியவில்லை என்பதை நண்பர்களிடம் ஒளிக்காமல் சொல்லி, நலமாயிருக்கும்போதே ஜெபித்துக்கொள்ளும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டார்.

ஆகவே முன்கூட்டியே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். மனப்பாடமான ஒரே ஒரு வரியைத் தெரிந்தெடுங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்பது போதும். பரமண்டல ஜெபத்தை உடனிருப்பவர் சொல்ல, நீங்கள் "ஆமென்" மட்டும் சொல்லலாம். அதுவும் முடியாத நாளில் சபை உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வதும் கைநீட்டுதலின் ஒரு பகுதியே. எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. இப்படி ஒன்றை வேதத்துக்குள் வைத்திருப்பதனால், அந்த இருளிலிருந்து பேசுவதும் ஜெபம்தான் என்று ஆவியானவரே அனுமதி கொடுத்திருக்கிறார்.

தூக்கமின்மை, எதிலும் பற்றின்மை, செத்துப்போனால் தேவலை என்ற ஓயாத எண்ணம் இவை தொடர்ந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வு நோயின் கூடவே வரும் இன்னொரு நோய். அதற்கும் மருந்து உண்டு.

ஏழாம் படி: ஒப்புரவாகுதல்

பெர்னார்டினைப் பற்றிச் சொன்னேன். 1993 நவம்பரில் ஓர் இளைஞர் அவர்மேல் கடுமையான பாலியல் குற்றச்சாட்டு சுமத்தினார். உலகச் செய்திகளிலெல்லாம் அது வந்தது. சில மாதங்களில் அந்த இளைஞரே, தன் நினைவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று சொல்லி வழக்கைத் திரும்பப் பெற்றார். கர்தினால் அதோடு விட்டுவிடவில்லை. 1994 டிசம்பர் 30-ஆம் தேதி, எய்ட்ஸ் நோயால் மெலிந்திருந்த அந்த இளைஞரைத் தேடிப்போய்ச் சந்தித்து, சேர்ந்து திருப்பலி நிறைவேற்றி, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலும் கொடுத்தார். ஆறு மாதம் கழித்துத் தமக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அந்தப் பழைய காயத்தைச் சுமக்கும் பாரம் அவருக்கு இல்லை.

நம் ஊரில் இந்தப் படி பெரும்பாலும் சொத்துப் பங்கு, வரப்புத் தகராறு, சபைத் தேர்தல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டுத்தான் போகும். உடலில் தெம்பும் மனதில் தெளிவும் இருக்கும்போதே ஆளனுப்புங்கள். வருகிறவரிடம் யார்மேல் தவறு என்ற விசாரணையைத் திரும்பத் தொடங்காமல், உங்கள் பங்குக்கு உரியதை மட்டும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர் வராமலிருந்தால் கடிதமோ, போனில் ஒரு குரல்பதிவோ போதும். உங்களுக்குக் கொடுமை செய்த ஒருவரைப் படுக்கையருகே நிறுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரை ஆண்டவர் கையில் ஒப்புவித்துவிடுவதும் மன்னிப்பே.

எட்டாம் படி: வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்துதல்

உயில் எழுதுங்கள். இந்தியக் கிறிஸ்தவர்களின் உயில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. அதில் நீங்களும், குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்குரிய பங்கு செல்லாமற்போகும். இதை அறியாமல் மூத்த மகனையே சாட்சியாக வைத்த வீடுகள் உண்டு. பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் பிற்காலச் சண்டைக்கு அது ஒரு தடுப்பு.

கடைசிக் கட்டத்தில் வெண்டிலேட்டர் வேண்டுமா, ஐ.சி.யூ.வில் சேர்க்க வேண்டுமா என்பதையும் எழுதிவைக்கலாம். உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் இத்தகைய முன்விருப்ப ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். இதை எழுதிவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய உபகாரம். இல்லாவிட்டால் நள்ளிரவில், மருத்துவமனை வராந்தாவில், அழுதுகொண்டே அவர்கள் அதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

சிலுவையிலிருந்துகொண்டு தம் தாயை யோவானிடம் ஒப்புவித்தவரைப் பின்பற்றுகிற நாம், நம்மைச் சார்ந்திருப்பவரை, சிறப்பாக ஊனமுற்ற பிள்ளையையோ தனித்து நிற்கப்போகும் மனைவியையோ, பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்புவிக்க வேண்டும்.

அடக்க ஆராதனையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்: எந்த வேதபாகம், எந்தப் பாட்டு, எவ்வளவு செலவு. நம் கல்லறைத் தோட்டங்களில் கிரானைட் கல்லின் உயரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்குத் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூர் நினைவுக்கு வரும். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பின், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு கழித்து, 1951 ஜனவரி 18-ஆம் தேதி மரித்தார். தம் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று கேட்டிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டியை வைத்து, அதில் "அம்மா" என்ற ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

ஒன்பதாம் படி: திருவிருந்தும் எண்ணெய் பூசுதலும்

ஐயர் திருவிருந்துப் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பயந்து, அவரை அழைக்காமலே இருப்பவர்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்க வீடுகளிலும் "அவஸ்தைப் பூசுதல்" என்ற பழைய பெயரின் அச்சம் இன்னும் போகவில்லை. மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதியது வியாதிப்பட்டவனுக்காக, மூச்சு நின்றுகொண்டிருப்பவனுக்காக மட்டும் அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே தகும் என்று சொல்லிவிட்டது. விழுங்கும் சக்தி இருக்கும்போதே, வீட்டார் எல்லாரும் சுற்றியிருக்கையில் பெற்றுக்கொள்ளுங்கள். அப்பத்தின் மிகச் சிறிய துண்டைத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கும்படி கேட்கலாம்.

பத்தாம் படி: கடைசி நாட்கள்

இது உடனிருப்பவர்களுக்கானது. பசி நின்றுபோகும், உடல் மூடிக்கொண்டுவருகிறது என்பதே அதன் பொருள், நீங்கள் சரியாக ஊட்டவில்லை என்பதல்ல. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயின் உட்புறத்தையும் அடிக்கடி நனையுங்கள். தூக்கம் கூடும், கைகால் குளிரும், மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் சளி உருளும் ஓசை கேட்கும். கேட்பவருக்கு அது கொடுமையாயிருக்கும், ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் அது வேதனை தருவதில்லை. சற்று ஒருக்களித்துப் படுக்கவைத்தால் ஓசை குறையும். ஆம்புலன்சை அழைக்க மனம் துடிக்கும். முன்னமே எழுதிவைத்த காகிதத்தை அப்போது எடுத்துப் பாருங்கள்.

கேட்கும் புலன் கடைசிவரை இருக்கக்கூடும் என்பதால், அறைக்குள் சொத்தையும் சவப்பெட்டியையும் பற்றிப் பேசாதீர்கள். அவரைப் பெயரும் உறவும் சொல்லி அழைத்துப் பேசுங்கள். எப்போதும் பாடிய பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடுங்கள். போய்வரலாம் என்று சொல்லுங்கள்; அம்மாவை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற வாக்கைக் கேட்பதற்காகவே காத்திருப்பதுபோல் சிலர் இருப்பதைக் கண்டிருக்கிறேன். "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்ற ஜெபத்தை அவருடைய காதருகே, அவருக்குப் பதிலாக, அவருடைய மூச்சின் வேகத்துக்கு இசைய மெதுவாகச் சொல்லுங்கள். ஆண்டவருக்கே அது சங்கீதத்திலிருந்து கிடைத்த ஜெபம்.

மூச்சு நின்றபின் அவசரப்பட வேண்டியதில்லை. போன் செய்வதும் பந்தலுக்குச் சொல்வதும் பத்து நிமிடம் பொறுக்கும். வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, முகத்தையும் கைகளையும் துடைத்து, கடைசியாகக் கால்களைக் கழுவுங்கள்.